சொல்லி முடிக்கும் வரை

திருநெல்வேலி டவுண்
18.6.1994

அன்புள்ள அத்தானுக்கு,

சித்ரலேகா எழுதுவது. நீங்கள் குண்டக்கல் போய்ச் சேர்ந்துவிட்டதும் ரயில்வே குட்ஸ் ஆபீசில் மறுபடி வேலையில் சேர்ந்ததும் மாமாவுக்கு வந்த கார்டில் தெரிந்தது. 'அனைவருக்கும் என் அன்பு' என்று முடித்திருந்தீர்கள். அந்த அனைவரில் நானும் ஒருத்தி என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சண்டை போடக் கூடாது என்பதால் இதோடு விடுகிறேன்.

இங்கே அத்தைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. மாமா தினமும் காலையில் நெல்லையப்பர் கோயில் வரை நடந்துவிட்டு வருகிறார்கள். விஜயஸ்ரீ மதினி போன வாரம் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருஷம் எனக்கு ஒன்றாம் வகுப்பு. ஹெட்மாஸ்டர் பிச்சைக்கண்ணு சார் கூப்பிட்டு, "கலியாணம் ஆயிட்டுல்லாம்மா, இனி பொறுமை தானா வந்துரும். ஒண்ணாங் கிளாஸ நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டார். முப்பத்து நாலு பிள்ளைகள். முதல் நாள் பாதிப் பேர் அழுகை. மூன்றாம் நாள் மணிராஜ் என்ற பையன் சிலேட்டுக் குச்சிக்காக சுடலைவடிவின் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்திருந்தது.

"ஏம்லே கடிச்ச?"

"தெரியல டீச்சர்."

பொய் சொல்லுகிறான் என்று பிரம்பைத் தேடினேன். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை அத்தான். கோபம் வந்திருக்கிறது. வந்தது கோபம் என்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தை இல்லை, பல்தான் இருந்தது.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். தினமும் பிரேயர் முடிந்து முதல் பத்து நிமிஷம் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருத்தரும் இன்றைக்கு மனசில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் கேலி செய்யக் கூடாது. நாலு நாளாக நடக்கிறது. பிச்சைக்கண்ணு சார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அ, ஆ எப்பம்மா ஆரம்பிக்கப் போறிய?" என்றார்.

"ஆரம்பிச்சாச்சு சார். அ-ன்னா அழுகை, ஆ-ன்னா ஆத்திரம்" என்றேன். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. போய்விட்டார்.

நீங்களும் எழுதுங்கள். இன்று உங்கள் மனசில் என்ன?

உங்கள்
சித்ரலேகா


குண்டக்கல்
27.6.1994

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு வெயில் அதிகம். மெஸ் சாப்பாடு பரவாயில்லை, காரம்தான் கூடுதல். சிமெண்ட் லோடு நிறைய வருவதால் வேலை இருக்கிறது. அப்பாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

மனசில் என்ன என்று கேட்டிருந்தாய். விசேஷம் ஒன்றும் இல்லை.

ஆவுடைநாயகம்


திருநெல்வேலி டவுண்
12.7.1994

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அது கடிதமா, சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீதா என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். சொட்டு மருந்து வாங்கியாயிற்று.

தேரோட்டம் முடிந்து ரதவீதி இப்போதுதான் சுத்தமாகியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மணிராஜ் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தான். என்னைப் பார்த்ததும், "எனக்கு இப்ப ஒரே சந்தோசம் டீச்சர்!" என்று அங்கிருந்தே கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் வகுப்பில் அவன் இப்படி இல்லை. நேற்றுக் காலை அவன் முறை வந்தபோது,

"இட்லி திங்கணும் போல இருக்கு டீச்சர்" என்றான்.

"அது வயித்துல உள்ளதுலே. மனசுல என்ன இருக்கு?"

கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தான். "மனசுலயும் இட்லிதான் டீச்சர்."

பாத்து என்றொரு பிள்ளை. அவள் வாப்பா கொழும்பில் வியாபாரம் பார்க்கிறார். "எனக்கு வாப்பா மேல சடவு. பெருநாளைக்கு வருதேன்னு சொல்லிட்டு வரல" என்றாள். சொல்லிவிட்டு, "இப்ப சடவு கொஞ்சம் கொறஞ்சிட்டு" என்று அவளே சேர்த்துக்கொண்டாள். சொன்ன உடனே மனத்தாங்கல் குறைகிறது என்று நான் எங்கேயோ படித்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இதெல்லாம் நல்ல செய்தி. இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

பொன்செல்வி என்று ஒரு பிள்ளை. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வருகிறாள். அம்மா ஆறுமுகத்தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். ஒரு மாதமாக வட்டத்தில் பொன்செல்வி வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டுவாள், அடுத்த பிள்ளைக்குக் கை காட்டிவிடுவாள். போன வெள்ளிக்கிழமை அவளே எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "எ... எ... எ..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. திக்குவாய் அத்தான். எனக்கு அதுவரை தெரியாது.

மணிராஜ் "எ எ எ" என்றான். முப்பத்து மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாரையும் எழுப்பி நிற்க வைத்து, ஒவ்வொருத்தராக அவள் முன்னால் வந்து "மன்னிச்சுக்கோ" என்று சொல்ல வைத்தேன். முப்பத்து மூன்று தடவை. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்க அம்மான்னு சொல்ல வந்தியாட்டி? அம்மா திட்டிட்டாளா? பைய சொல்லு, பயப்படாத" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. இன்றும் வரவில்லை.

உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் நீங்கள் என்ன செய்வீர்கள். ஆனாலும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உங்கள்
சித்ரலேகா


குண்டக்கல்
17.7.1994

சித்ரா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். பொன்செல்வி வீட்டுக்கு நீயே போ. ஆள் சொல்லி அனுப்பாதே. பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதே, அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் சொல்ல வந்தது 'எங்க அம்மா' இல்லை. நிச்சயமாக வேறு ஏதோ. நீ ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாய். அது தப்பான சொல்தான் என்றாலும் அவள் ஆமாம் என்றுதான் தலையாட்டுவாள், ஏனென்றால் அது சுலபம். இனிமேல் அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்காதே. பைய சொல்லு என்று சொல்லாதே, மூச்சை இழுத்து விடு என்று சொல்லாதே. பையச் சொல்ல முடிந்தால் அவள் சொல்ல மாட்டாளா? பயப்படாதே என்றும் வேண்டாம். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றே தெரியும்.

அவள் பேசும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளாதே. பாவம் என்று பார்க்கவும் கூடாது. மணிராஜ் இட்லிக் கதை சொன்னபோது எப்படிப் பார்த்தாயோ அப்படிப் பார். சொல்லி முடிக்கும் வரை காத்திரு. ஒரு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ ஆகட்டும்.

அந்த முப்பத்து மூன்று மன்னிப்பு. நீ நல்லதற்குத்தான் செய்தாய். ஆனால் சிரிப்பு ஒரு தடவையோடு முடிந்திருக்கும். மன்னிப்பு முப்பத்து மூன்று தடவை நடந்தது. சுவரோடு ஒட்டி நிற்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் காத்திருக்கச் சொல்லிக்கொடு. அது கஷ்டம். பெரியவர்களிலேயே அது தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

பஸ்ஸில் 'பேட்டை' என்று கேட்க வாய் வராமல் 'டவுண்' என்று டிக்கெட் வாங்கி, இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள் சித்ரா. பொன்செல்வி அப்படி நடக்க வேண்டாம்.

என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

ஆவுடைநாயகம்


திருநெல்வேலி டவுண்
10.8.1994

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. மடிப்பில் கிழிந்துவிட்டது. இத்தனை வார்த்தைகளை எங்கே வைத்திருந்தீர்கள்?

சொன்னபடியே செய்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஆற்றங்கரைக்குப் போனேன். ஆறுமுகத்தாய் பதறிப்போய், "சேட்டை பண்ணிட்டாளா டீச்சர்?" என்றாள். "இல்ல, சும்மா பாக்க வந்தேன்" என்று உட்கார்ந்தேன். பொன்செல்வி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தம்பிக்கு நான் கொண்டுபோன அல்வாவை ஊட்டிவிட்டாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் பையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை வந்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தாள்.

அதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன், "நாம இனி ஒண்ணு படிக்கப் போறோம். காத்திருக்கது." எப்படிப் படிப்பது? முதலில் விளையாட்டாக ஆரம்பித்தோம். ஒரு பிள்ளை எழுந்து நின்று, வேண்டும் என்கிற நேரம் வரை பேசாமல் நிற்கும். மற்றவர்கள் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எல்லாரும் நெளிந்தார்கள். சபீதாவுக்கு விக்கல் வந்துவிட்டது. மணிராஜ் காத்திருக்க முடியாமல் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டான். இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். இப்போது யாருக்கு வார்த்தை முட்டினாலும் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

நேற்று பொன்செல்வி எழுந்து நின்றாள்.

"எ..." என்று ஆரம்பித்தாள். நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் சேலைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், வாயில் வந்த சொல்லை விழுங்கினேன். முப்பத்து மூன்று பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்வது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"எருமை" என்றாள்.

அம்மா இல்லை அத்தான், எருமை! "எங்க எருமை ஆத்துல நீந்துச்சு. நான் அதும் மேல உக்காந்து அக்கரைக்குப் போனேன். திரும்பியும் வந்தேன். எனக்குப் பயமே இல்ல. எனக்குச் சிரிப்பாணியா வந்துச்சு." இதைச் சொல்ல நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். சொல்லி முடித்ததும் மணிராஜ் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, "என்னையும் ஏத்துவியாட்டி?" என்று கத்தினான். உடனே எல்லாரும், என்னையும், என்னையும். ஒரு மாதம் முன்னால் அவள் சொல்ல வந்ததும் இதே எருமைதான். அவ்வளவு பெரிய சந்தோஷத்தைக் கொண்டுவந்த பிள்ளையிடம் நான் அம்மா திட்டினாளா என்று கேட்டிருக்கிறேன்.

நான் அழுதுவிட்டேன். "டீச்சருக்கு என்ன?" என்று பாத்து கேட்டாள். சந்தோஷம் என்றேன். யாரும் நம்பவில்லை.

இனி உங்களைக் கேட்கிறேன். இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருக்கிற தைரியம் எனக்கும் வேண்டாமா. கல்யாணமாகிப் பதினோரு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் என்னிடம் பேசியது எல்லாம் 'ம்', 'சரி', 'வேண்டாம்'. திருச்செந்தூரில் கடலில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது, அலை எவ்வளவு நல்லா இருக்கு என்றேன். அதற்கும் 'ம்'. என்னைப் பிடிக்காமல் கட்டிவைத்துவிட்டார்களோ என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படித்தான் என்றால் எழுதிவிடுங்கள். கஷ்டப்படுவேன், ஆனால் தெரிந்துகொண்டு கஷ்டப்படுவேன்.

சித்ரலேகா


குண்டக்கல்
19.8.1994

அன்புள்ள சித்ராவுக்கு,

எனக்குத் திக்குவாய்.

இந்த இரண்டு வார்த்தையை எழுத நாலு நாள் ஆகிவிட்டது. உன்னைப் பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். "பையன் ரொம்ப அமைதி" என்று அப்பா சொன்னார்கள், உங்கள் வீட்டில் அதையே சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்கள். "நீ வாயத் தொறக்காம இருந்தா போதும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் சம்மதித்தேன். அவர்கள் மேல் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது.

என் பெயரே எனக்கு வராது. ஆவன்னாவில் மாட்டிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல வராமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே நிறைய நாள் ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன். எழுத்தில் எனக்குத் தடையில்லை. அப்படியும் உனக்கு நாலு வரிதான் எழுதினேன். எழுத்தில் இவ்வளவு பேசுகிறவன் நேரில் ஏன் பேசவில்லை என்று நீ கேட்பாய், அதற்குப் பயந்துதான். பேட்டைக்குப் பதில் டவுணில் இறங்கி நடந்தவன் யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

திருச்செந்தூரில் நான் 'ம்' மட்டும் சொல்ல நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம், நீ சிரிக்கிறதைப் பார்க்க நல்லா இருக்கு என்று சொல்ல நினைத்தேன். 'இன்னும்' என்பதில் 'இ' நின்றுவிட்டது. அதற்குள் விஜயஸ்ரீ கூப்பிட்டாள், நீ போய்விட்டாய்.

பிடிக்காமல் இல்லை சித்ரா. அதை மட்டும் நினைக்காதே. மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

ஆவுடைநாயகம்


திருநெல்வேலி டவுண்
14.9.1994

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லையே என்று தபால்காரரைத் திட்டியிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்தான் எழுதவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. திக்குவாய்க்காக இல்லை. மூன்று மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று, என் மூக்கு சரியில்லையோ, நிறம் பற்றாதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்காக. அத்தையிடமும் கேட்டேவிட்டேன், "ஏன் அத்தை சொல்லல?" என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "சொன்னா பொண்ணு குடுப்பாவளாட்டி? அதுக்கு முந்தி ரெண்டு எடத்துல சொன்னோம். ரெண்டு எடமும் போயிட்டு" என்றார்கள். பிறகு அழுதார்கள். நானும் கூடவே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே மீதிக் கீரையை ஆய்ந்தோம். இப்போது எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை வட்டத்தில் என் முறை வந்தது. பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது இல்லையா.

"டீச்சருக்கு இன்னைக்குச் சடவு" என்றேன்.

"யாரு மேல?"

"எங்க வீட்டுக்காரவிய மேல."

"அடிச்சாவளா?" என்றான் மணிராஜ்.

"சேச்சே. ஒரு விஷயத்தச் சொல்லாம விட்டுட்டாவ."

எல்லாரும் யோசித்தார்கள். பொன்செல்வி எழுந்து நின்றாள். காத்திருந்தோம். "நீங்க... சி... சிரிச்சிருவியன்னு... நெனச்சிருப்பாவ டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியவில்லை அத்தான். முயன்று பார்த்தேன், நழுவி நழுவிப் போகிறது.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கேட்ட உடனே கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லலாம். எனக்கும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தீபாவளிக்கு லீவு போட்டு வாருங்கள். நேரில் ஒரு நாள் முழுக்க நீங்கள் பேச வேண்டும், நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்க மாட்டேன். அந்த ஒரு நாளில் மீதியும் போய்விடும் என்று நினைக்கிறேன்.

பிச்சைக்கண்ணு சாரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. இப்போதெல்லாம் அவரும் வட்டத்தில் வந்து உட்காருகிறார். மேற்பார்வைக்கு என்கிறார். நேற்று அவர் முறை வந்தது. முதலில் மறுத்தார். பிள்ளைகள் விடவில்லை. "எனக்கு வாற வருசம் ரிட்டயர்டு. வீட்ல சும்மா இருக்கணும்னு நெனச்சா பயமா இருக்கு" என்றார். சுடலைவடிவு, "இங்கன வந்து உக்காருங்க சார். ஒண்ணாங் கிளாஸ்ல எடம் இருக்கு" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காரம் குறைவாகச் சாப்பிடுங்கள்.

உங்களுடைய
சித்ரலேகா


குண்டக்கல்
24.9.1994

என் அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்தே வாசித்தேன். சுடலைவடிவு இடம் விட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட் ரெட்டிகாரு நாலு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறார். நான் சத்தமாகச் சிரித்து இப்போதுதான் கேட்கிறாராம். என்ன விஷயம் என்றார். சொன்னேன். தெலுங்கிலும் திக்கிக்கொண்டுதான் சொன்னேன். முழுசும் கேட்டார்.

தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை காத்திருக்க என்னால் முடியாது. நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நானே மீறுகிறேன், மன்னித்துக்கொள்.

மேல ரதவீதி முனையில் புதிதாக எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார்களாமே. விஜயஸ்ரீக்கு எழுதி நம்பரை வாங்கிவிட்டேன். போன் என்றால் எனக்கு எப்போதும் நடுக்கம். ஆபீசில் மணி அடித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். நேரில் என்றால் எதிரில் இருப்பவருக்கு என் முகமாவது தெரியும். போனில் சத்தம் நின்றால் அந்தப் பக்கம் 'ஹலோ, ஹலோ' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இந்த முப்பது வயதில் நானாக யாருக்கும் போன் செய்தது கிடையாது.

அக்டோபர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு அந்த பூத்துக்கு வந்துவிடு. மணி அடிக்கும், எடுத்துக்கொள். என் பக்கம் முதலில் ஒன்றும் கேட்காது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கலாம். பூத் அண்ணாச்சி, "லைன் கட்டாயிட்டும்மா, வச்சிருங்க" என்பார்.

வைத்துவிடாதே சித்ரா. லைன் நன்றாகத்தான் இருக்கும். நான் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன்
ஆவுடைநாயகம்